செவப்பு அடிக்குதுங்க அம்மிணி

2013இல் நான் ஒரு நிரல் எழுதினேன். இரண்டு துணித் துண்டுகளை ஸ்கேனர் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டின் நிறமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரே எண்ணில் சொல்லிவிடும். அந்த எண்ணை நம்பி, அப்பாவின் சாயப்பட்டறையிலிருந்து 400 கிலோ துணியை வெளியே அனுப்பினேன். போன துணி டி-ஷர்ட்டாகத் திரும்பி வந்தது. கணக்கில் கோளாறே இல்லை என்று ஒரு வாரம் சாதித்தேன். கோளாறு இருந்தது. அது ஒன்றோடு நிற்கவுமில்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த வேலை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பையர் தனக்கு வேண்டிய நிறத்தை உள்ளங்கைக்குள் அடங்கும் துணித் துண்டாக அனுப்புவார். அதைப் பார்த்து லேப்பில் சில கிராம் துணிக்குச் சாயமேற்றி, இரண்டு மூன்று விதமாகச் செய்து திருப்பி அனுப்புவோம். அதன் பெயர் லேப் டிப். அதில் ஒன்றை அவர் ஒப்புக்கொண்டால், அதே ரெசிப்பியில் நூற்றுக்கணக்கான கிலோ துணி சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்குள் போகும். வெளியே வரும் துணி, ஒப்புக்கொண்ட துண்டைப் போல இருக்க வேண்டும். இருக்கிறதா இல்லையா என்று சொல்பவர் டையிங் மாஸ்டர்.

எங்கள் மாஸ்டர் காங்கேயம் பக்கத்து ஆள். மாட்டு நிறத்தில் மயிலை எது, பிள்ளை எது என்று தூரத்திலிருந்தே சொல்கிற ஊரில் பிறந்தவர். துணியை நாலாக மடித்து, லைட் பாக்ஸுக்குள் வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பார். லைட் பாக்ஸ் என்பது உள்ளே சாம்பல் வண்ணம் பூசிய பெட்டி. சுவிட்சை மாற்றினால் பகல் வெளிச்சம் போன்ற டி65, ஐரோப்பியக் கடைகளில் எரிந்த குழல்விளக்கு போன்ற டிஎல்84, பழைய குண்டு பல்பு, புற ஊதா என்று விளக்குகள் மாறும். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு இரண்டே சொல்லில் தீர்ப்புச் சொல்வார். டெப்த், டோன். டெப்த் என்றால் நிறத்தின் அழுத்தம். டோன் என்றால் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது.

“டெப்த் சரிங்க. டோன் செவப்பு அடிக்குதுங்க அம்மிணி.”

“எவ்வளவுங்க மாஸ்டர் அடிக்குது?”

“கொஞ்சமுங்க.”

“கொஞ்சம்னா?”

“பையர் கண்டுபிடிக்கிற அளவுக்குங்க.”

சென்னையில் நாலு வருஷம் படங்களைப் பகுத்தாயும் நிரல்கள் எழுதிவிட்டு, குழந்தை பிறந்த பிறகு ஊர் திரும்பியிருந்த எனக்கு இந்தப் பதில் எரிச்சலைக் கிளப்பியது. ஒரு தொழில் முழுவதும் “கொஞ்சமுங்க”வின் மேல் நிற்கிறதே என்று நினைத்தேன். அதுவும் எந்த நேரத்தில்? 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாய ஆலைகள் அத்தனையும் மூடப்பட்டு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாட்டோடு ஒவ்வொன்றாக மீண்டு வந்துகொண்டிருந்த காலம். ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றும் தொகுதி, ஷேடு தப்பினால் மறுபடி சாயமேற்ற வேண்டும். மறுபடி தண்ணீர், மறுபடி உப்பு, மறுபடி ஆவி, மறுபடி சுத்திகரிப்புச் செலவு. தவறான ஓர் ஓகேயும் நஷ்டம், தவறான ஒரு ரிஜெக்டும் நஷ்டம். இதை எண்ணுக்குள் கொண்டுவந்தால் அப்பாவுக்கு உதவி என்றுதான் ஆரம்பித்தேன். மாஸ்டரை மட்டம் தட்ட வேண்டும் என்ற ஆசையும் உள்ளே கொஞ்சம் இருந்தது. எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதல் நிரல் ஒரே ராத்திரியில் முடிந்தது. ஸ்கேனர் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இரண்டு துணிகளின் சராசரி எண்களை எடு, வித்தியாசங்களை வர்க்கப்படுத்திக் கூட்டு, வர்க்கமூலம் எடு. பத்தாம் வகுப்புக் கணிதம். அந்தத் தூரம் குறைவாக இருந்தால் நிறம் ஒன்று, அதிகமாக இருந்தால் வேறு.

இது எங்கே சறுக்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். சுத்த மஞ்சள் 255, 255, 0. அதில் நீலத்தை மட்டும் 30 ஏற்றுங்கள். அடுத்து நடுச் சாம்பல் 128, 128, 128. அதில் பச்சையை மட்டும் 30 ஏற்றுங்கள். என் நிரலுக்கு இரண்டு ஜோடியும் சமம், தூரம் 30தான். கண்ணுக்கோ, முதல் ஜோடியில் வித்தியாசம் கண்டுபிடிக்க உற்றுப் பார்க்க வேண்டும். இரண்டாவதில் ஒரு சாம்பல் தெளிவாகப் பச்சையாகிவிட்டது. கண்ணோடு ஒத்துப்போவதற்காக அமைத்த அளவில் கணக்கிட்டால் முதல் ஜோடிக்குச் சுமார் 3 வரும், இரண்டாவதற்குச் சுமார் 22.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, அரைமணி நேரத்தில் போய்விடலாம் என்று சொல்பவனைப் போலத்தான் இருந்தேன். நிறங்களின் நிலப்பரப்பிலும் சமவெளி உண்டு, மலைப்பாதை உண்டு. கோடாக் நிறுவனத்தின் டேவிட் மெக்காடம் 1942இல் இதை வரைந்தே காட்டிவிட்டார். ஒரே மனிதரின் கண்ணை வைத்துச் சுமார் 25,000 முறை நிறப் பொருத்தம் செய்து பார்த்து, 25 நிறங்களைச் சுற்றி “இதற்குள் வித்தியாசம் தெரியாது” என்று எல்லை போட்டார். அந்த எல்லைகள் வட்டமாக வரவில்லை. நீள்வட்டங்களாக, ஆளுக்கொரு திசையில் சாய்ந்து வந்தன. அன்றைய வரைபடத்தில் பச்சைப் பக்கம் பெரிது, நீலப் பக்கம் மிகச் சிறிது. எந்த இடத்தில் நிற்கிறோம், எந்தப் பக்கம் நகர்கிறோம் என்பதைப் பொறுத்து ஓர் அடியின் நீளமே மாறுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு இரண்டாம் நிரலுக்கு வந்தேன். சர்வதேச ஒளியூட்டல் ஆணையமான சிஐஇ 1976இல் ஏற்றுக்கொண்ட லேப் என்ற நிற அளவு உண்டு. எங்கள் சாய லேப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். எல் என்பது வெளிச்சம், 0 முதல் 100 வரை. ஏ என்பது பச்சைக்கும் சிவப்புக்கும் இடையே எங்கே நிற்கிறது. பி என்பது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே எங்கே நிற்கிறது. இந்த மூன்றில் எடுக்கும் தூரத்துக்கு டெல்டா ஈ என்று பெயர். 1 அளவுக்கு வந்தால், பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. எல் என்பது மாஸ்டரின் டெப்த். ஏ, பி இரண்டும் சேர்ந்தது மாஸ்டரின் டோன். “செவப்பு அடிக்குது” என்றால் ஏ ஏறியிருக்கிறது என்று பொருள். அவர் முப்பது வருஷமாக அந்த அளவில்தான் பேசிக்கொண்டிருந்தார்.

நிரலை ஓட்டினேன். எண்கள் விசித்திரமாக இருந்தன. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓகே செய்த லாட்டுகளுக்குக்கூட 2, 2.3 என்று வந்தது. எல்லை 1 என்று வைத்தால் பட்டறையில் ஒரு துணியும் தேறாது. சரி, நம் ஸ்கேனரின் குணம் அப்படி, நம் துணியின் குணம் அப்படி என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எல்லையை 2.5க்கு ஏற்றினேன். மாஸ்டரின் ஓகேக்களோடு என் ஓகேக்கள் ஏறக்குறைய ஒத்துவந்தன. அப்பாடா என்றிருந்தது. கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று தெரியாமல், பஸ் வரும் நேரத்தை அடித்துத் திருத்தி எழுதியவள் நான்.

இனி வருவதை எழுதத்தான் இத்தனை வருஷம் தயங்கினேன்.

மாஸ்டருக்குத் தெரியாமல் அவருக்கு ஒரு பரீட்சை வைத்தேன். பழைய துண்டுகளிலிருந்து இருபது ஜோடி எடுத்து, பின்பக்கம் எண் எழுதி, “இதெல்லாம் பழைய பெண்டிங், பாத்துச் சொல்லுங்க மாஸ்டர்” என்று கொடுத்தேன். மூன்று நாள் கழித்து அதே ஜோடிகளை வரிசை மாற்றி மறுபடி கொடுத்தேன். மூன்று ஜோடிகளுக்கு முன்பு சொன்னதற்கு மாறாகச் சொன்னார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. அப்பாவிடம் காகிதத்தை நீட்டினேன். “பாருங்கப்பா, அதே துணிக்கு அவரே ரெண்டு தடவை ரெண்டு மாதிரி சொல்றாரு. என் நிரல் அப்படிச் சொல்லாது.” அப்பா காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாஸ்டரிடம் அவர் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

முதலில் சொன்ன அந்த லாட் ஓர் ஆலிவ் பச்சை. டி-ஷர்ட்டின் உடம்புக்கான துணி முதல் வாரமே சாயமேறிப் போயாகிவிட்டது. கழுத்துக்கான ரிப் துணி பின்னலில் தாமதமாகி, பிந்தி வந்தது. அதற்குள் ரெசிப்பியில் இருந்த மஞ்சள் சாயம் தீர்ந்துபோய், வேறொரு மஞ்சளை வைத்து லேப்பில் ரெசிப்பியை மாற்றிப் பிடித்தார்கள். டி65 விளக்கில் உடம்பும் ரிப்பும் ஒட்டிப் பிறந்தது போல இருந்தன. மாஸ்டர் சுவிட்சைத் தட்டினார்.

“டிஎல் எயிட்டிஃபோர்ல பாருங்க அம்மிணி. ரிப்பு செவப்பு அடிக்குதுங்க. கடையில வெச்சா காட்டிக் குடுத்துரும்.”

நான் பார்த்தேன். லேசாகத்தான் தெரிந்தது, அல்லது லேசாகத்தான் தெரிகிறது என்று நினைக்க விரும்பினேன். ஸ்கேனரில் வைத்தேன். 1.9. எல்லைக்குள் இருக்கிறது. மறுபடி சாயமேற்ற வேண்டுமென்றால் கப்பல் தேதி போய்விடும். அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “படிச்ச புள்ள சொல்லுதுங்க மாஸ்டர், விட்றலாமுங்க” என்றார். மாஸ்டர் குரல் உயர்த்தவில்லை. “சரிங்க. அப்ப லாட் கார்டுல அம்மிணியே கையெழுத்துப் போடட்டுமுங்க” என்றார். போட்டேன், தேதியோடு.

மூன்று வாரத்தில் டி-ஷர்ட்டுகள் வந்து இறங்கின. பையரின் ஆய்வாளர் தையல் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் நிறுத்திவிட்டிருந்தார். குழல்விளக்கின் கீழே கழுத்துப் பட்டி மட்டும் துருப்பிடித்தது போல இருந்தது. துணி, தையல், எல்லாவற்றுக்கும் சேர்த்து டெபிட் நோட் வந்தது. ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். வெயிலில் ஒரே நிறம். கீழே இறங்கி வந்தேன். இரண்டு நிறம். மேலே, கீழே, மேலே என்று எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ. ஒரு வாரம், தையல் கம்பெனியின் விளக்குத்தான் சரியில்லை என்று வாதாடினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரே ஜோடித் துணிதான் வெயிலில் ஒரே நிறம், விளக்கில் இரண்டு. இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர், நூறு பாடப் புத்தகங்களில் இருக்கிறது. நானும் படித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்தது போல.

எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். ஒரு துணி, வானவில்லின் ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பது ஒரு நீளமான பட்டியல். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் 400 நானோமீட்டரில் தொடங்கி 700 வரை பத்துப் பத்தாக அளந்தால் 31 எண்கள் தரும். கண்ணும் ஸ்கேனரும் அந்தப் பட்டியலைக் கூட்டி மூன்று தொகையாகச் சுருக்கிவிடுகின்றன. மளிகைக்கடையில் இரண்டு வீட்டுக்கு ஒரே தொகை பில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அரிசி அதிகம், இன்னொன்றில் பருப்பு அதிகம். தொகை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. நாளைக்குப் பருப்பு விலை ஏறினால்தான் குட்டு வெளிப்படும். விளக்கை மாற்றுவது விலைப் பட்டியலை மாற்றுவதுதான். எங்கள் உடம்புத் துணியும் ரிப்பும் வேறு வேறு மஞ்சளில் செய்த வேறு வேறு பில்கள். டி65 விலையில் தொகை ஒத்துப்போனது. டிஎல்84 விலையில் பிரிந்தது. என் ஸ்கேனருக்குத் தெரிந்ததோ அதன் உள்ளே இருக்கும் விளக்கின் விலை ஒன்றே. அந்த விளக்கு சூரியனும் இல்லை, கடைக் குழல்விளக்கும் இல்லை. அதன் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் மனிதக் கண்ணின் வடிகட்டிகளும் இல்லை. யாரும் துணி வாங்கப் போகாத ஒரு கடையின் விலைக்கு இரண்டு பில்லையும் போட்டு, சமம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மனிதக் கண் என்று எழுதிவிட்டேன். எந்த மனிதன்? எல்லா நிறக் கணக்குக்கும் அடியில் இருக்கும் 1931ஆம் ஆண்டின் “நியமப் பார்வையாளர்”, இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இருவர் தனித்தனியே செய்த சோதனைகளில் உட்கார்ந்த 17 பேரின் சராசரி. அந்தப் பதினேழு பேரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் சராசரி வியக்கத்தக்க அளவுக்கு இன்றுவரை உழைக்கிறது. ஆனாலும் அது சராசரிதான், சர்வசாட்சி இல்லை.

1.9 என்ற எண்ணிலேயே கோளாறு இருந்தது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. நான் பயன்படுத்திய ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பு, சாதாரண 8-பிட் படத்தை லேப் அளவுக்கு மாற்றும்போது, 0–100 ஆக இருக்க வேண்டிய எல் மதிப்பை 0–255க்கு இழுத்துச் சேமிக்கும். ஏ, பி இரண்டிலும் 128ஐ மட்டும் கூட்டி வைக்கும், இழுக்காது. இது அதன் ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது. நான் படிக்கவில்லை. ஆக, டெப்த்தில் 1 வித்தியாசம் இருந்தால் என் நிரல் அதை 2.55 என்று எண்ணியது. டோனில் 1 இருந்தால் 1 என்றே எண்ணியது. டெப்த்தில் ஏற்பட்ட அந்தச் செயற்கைப் பெருக்கத்தைத்தான் நான் “துணியின் குணம்” என்று நினைத்து எல்லையை 2.5க்கு ஏற்றினேன். அதனால் என்ன ஆனது? டெப்த்துக்கு எல்லை கிட்டத்தட்ட 1 என்ற சரியான இடத்தில் நின்றது. டோனுக்கு மட்டும் கதவு இரண்டரை மடங்கு அகலமாகத் திறந்துவிட்டது. அந்தக் கதவு வழியாகத்தான் ரிப்பின் சிவப்பு உள்ளே வந்தது.

மாஸ்டரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு நாலு நாள் ஆயிற்று. எண்களை விட்டுவிட்டு, நிரல் டெப்த்தைக் கறாராகவும் டோனைத் தாராளமாகவும் பார்த்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார்.

“தலைகீழுங்க அம்மிணி. டெப்த்து ஒரு நூலு கூடக் கொறைய இருந்தா பையர் பொறுத்துக்குவானுங்க. ஒரே சட்டையிலயே மடிப்புல கொஞ்சம் இருட்டாத்தானே தெரியும்? டோனு மாறுனா பொறுக்க மாட்டானுங்க. வேற துணிம்பான்.”

ராத்திரி உட்கார்ந்து தேடியபோது இதே வாக்கியம் சூத்திரமாகக் கிடைத்தது. பிரிட்டனின் சாயமிடுவோர் சங்கத்தின் நிற அளவைக் குழு 1984இல் வெளியிட்ட சிஎம்சி. துணித் தொழிலில் அதை 2:1 என்ற விகிதத்தில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். வெளிச்ச வித்தியாசத்துக்கு இரட்டைச் சலுகை, நிற வித்தியாசத்துக்குச் சலுகை கிடையாது. மாஸ்டர் சொன்னது. என் நிரல் செய்ததற்கு நேர் எதிர்.

அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று மேலே தேடினேன். அதற்கு முன்னோடி, ஜே அண்ட் பி கோட்ஸ் என்ற தையல்நூல் நிறுவனத்தில் பிறந்த ஒரு சூத்திரம். அங்கே நிறம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நூல் மாதிரிகளைப் பார்த்துச் சொன்ன பாஸ், ஃபெயில் தீர்ப்புகளைத் தொகுத்து, அந்தத் தீர்ப்புகளோடு ஒத்துப்போகும்படி சூத்திரத்தை வளைத்திருக்கிறார்கள். அதாவது ஏதோ ஓர் ஊரின் மாஸ்டர்கள், கண்ணைப் பாதி மூடி, “டோன் அவுட்” என்று சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். நான் மாஸ்டருக்கு எதிராக நிறுத்திய எண், மாஸ்டர்களிடம் கேட்டு எழுதியது. நான் பக்கத்தில் உட்காரவும் இல்லை, எழுதவும் இல்லை, பரீட்சை வைத்தேன்.

பரீட்சை என்றதும் நினைவு வருகிறது. அவருக்கு வைத்ததை ஸ்கேனருக்கும் வைத்துப் பார்த்தேன். ஒரே துணி, ஒரே இடம், காலையில் போட்டதும் ஒரு ஸ்கேன், ஸ்கேனர் சூடேறிய பிறகு ஒன்று, துணியைத் தொண்ணூறு டிகிரி திருப்பி வைத்து ஒன்று. பின்னல் துணியில் கண்ணிகள் ஒரு திசையில் ஓடுகின்றன. திருப்பினால் நிழல் விழும் விதம் மாறும். எண்கள் நகர்ந்தன. நான் எல்லை போட்டுச் சண்டை போட்ட அளவுக்கு நகர்ந்தன. இருபதில் மூன்றுதான் மாறியது என்பது எவ்வளவு நல்ல மதிப்பெண் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவின் சட்டைப் பையில் போன காகிதத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை.

நிரலைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. படத்தை முதலில் 255ஆல் வகுத்து, பின்ன எண்களாக மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகே லேப்புக்குப் போகிறது. சிஎம்சி கணக்கிடுகிறது. அதற்குக் கொடுத்திருக்கும் வேலை சிறியது: ஒரே லாட்டில், ஒரே ரெசிப்பியில் வந்த ரோல்களுக்குள் ஷேடு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பது. சாயம் ஒன்றுதான் என்பதால் பில்லும் ஒரே மாதிரிப் பில்தான். விளக்கு மாறினாலும் குட்டு வெளிப்பட எதுவும் இல்லை. அந்த வேலையை அலுக்காமல் செய்கிறது. சாயமோ ரெசிப்பியோ மாறிய துணி என்றால் வெளி லேப்புக்கு அனுப்பி, ஸ்பெக்ட்ரோவில் மூன்று விளக்குக்கும் கணக்குப் போட்டு வாங்குகிறோம்.

மெலாஞ்சுத் துணி வந்தபோது மறுபடி ஒரு தடவை அடிபட்டேன். கறுப்பு இழையும் வெள்ளை இழையும் கலந்த சாம்பல். சராசரி எடுத்தால் மொட்டைச் சாம்பலோடு அச்சாகப் பொருந்தும். எந்தக் குழந்தையும் இரண்டும் வேறு என்று சொல்லும். சராசரியை விட்டுவிட்டு, எந்த நிறப் புள்ளி எத்தனை இருக்கிறது என்ற பங்கீட்டையே ஒப்பிட வேண்டும். ஸ்வெய்ன், பல்லார்ட் இருவரும் 1991இல் காட்டிய வழி அது. அதற்கும் பின்னால் வந்த ஒரு முறை உண்டு, எனக்குப் பிடித்தது: ஒரு பங்கீட்டை மண் குவியலாகவும் இன்னொன்றைக் குழியாகவும் நினைத்து, இதை அள்ளி அதை நிரப்ப எவ்வளவு மண்ணை எவ்வளவு தூரம் சுமக்க வேண்டும் என்று கணக்கிடுவது. கூலிக் கணக்கு மாதிரி. அதன் பெயரும் மண் அள்ளுபவரின் தூரம்தான்.

இவ்வளவும் ஆன பிறகு, இப்போது மெர்ச்சண்டைசர்கள் வாட்ஸப்பில் துணியைப் போட்டோ எடுத்து அனுப்பி “இந்தக் கலர் வருமா?” என்று கேட்கிறார்கள். செல்போன் கேமரா, வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று தானே நிறத்தைத் திருத்தும். சேமிக்கும்போது நிறத் தகவலைத்தான் முதலில் குறைக்கும். பார்க்கிற என் திரைக்கும் தனிக் குணம். வரும் என்றும் சொல்வதில்லை, வராது என்றும் சொல்வதில்லை. துண்டைக் கொரியரில் போடச் சொல்கிறேன்.

இரண்டு வருஷம் முன்பு மாஸ்டருக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. ஒரு கண் முடிந்து பட்டறைக்கு வந்தவர், லைட் பாக்ஸ் முன்னால் நின்று ஒரு கண்ணை மூடினார், திறந்தார், மறு கண்ணை மூடினார். வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளேறும். அது கொஞ்சங் கொஞ்சமாக நடப்பதால் யாருக்கும் தெரியாது. அதை எடுத்துவிட்டுப் புது வில்லை வைத்ததும், இத்தனை நாள் தடுக்கப்பட்ட நீலம் மொத்தமாக உள்ளே வரும். என்னைக் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“இந்தக் கண்ணுல பாத்தா நேவி எல்லாம் ஊதா அடிக்குதுங்க அம்மிணி. இத்தன வருசம் எந்தக் கண்ணுல பாத்தேன்னு தெரியலீங்க. மெஷினு என்னன்னு சொல்லுதுங்க?”

நான் அவரைக் கேலி செய்யவில்லை. நேவி ரோலிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஸ்கேனரைச் சூடேறவிட்டு, கண்ணி ஓடும் திசை பார்த்து வைத்து, எண்ணைப் படித்துக் காட்டினேன். டெப்த் தனியாக, டோன் தனியாக. அவர் புதுக் கண்ணால் பார்த்தார், பழைய கண்ணால் பார்த்தார், எண்ணைக் கேட்டார். மூன்றையும் கார்டின் பின்பக்கம் பென்சிலில் எழுதிக்கொண்டோம். இரண்டாவது கண்ணும் ஆபரேஷன் முடிந்து அவருக்குப் பழகும்வரை, நேவி லாட் கார்டுகளில் எல்லாம் இரண்டு பேர் கையெழுத்தும் இருக்கிறது.